கடைசியாக இறங்குகிறவர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், முதலில் அதை நம்பு. அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? பாப்பா அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

போன வாரம் எங்கள் குளிர்கிடங்கில் அம்மோனியா கேஸ் கசிந்தது. எனக்குக் கண் எரிச்சல், அவ்வளவுதான். மேனேஜர் வெள்ளிக்கிழமைதோறும் சினிமாக் காட்சி போட்டுத் தலைமைப் பாடம் நடத்துவார் என்று சொன்னேனே, கப்பல் மூழ்கினால் கேப்டன் கடைசியாகத்தான் இறங்குவார் என்று. அன்று அவர் எல்லோருக்கும் முன்னால் இறங்கி, காரில் ஏறிக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டார்.

போனில் உன்னிடம், "தங்கச்சி, இவன் குறட்டைய எப்படிம்மா சமாளிச்ச?" என்று கேட்டாரே, பக்கத்துக் கட்டில் சூப்பர்வைசர் அண்ணன், அவர்தான் வாசலில் நின்று ஆட்களை எண்ணினார். ஓர் ஆள் குறைந்தது. "குறட்டைப் பயலக் காணோம், பாத்துட்டு வரேன்" என்று உள்ளே போனார். நான் பின்வாசல் குழாயடியில் கண் கழுவிக்கொண்டிருந்தேன்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். மூச்சில்லை.

இந்த வெள்ளிக்கிழமையும் மேனேஜர் அதே கப்பலைப் போட்டார். "தலைவன்னா உங்க அண்ணன் மாதிரி இருக்கணும், இனி நீதான் சூப்பர்வைசர்" என்று சொல்லி, அண்ணனின் மஞ்சள் ஹெல்மெட்டை என் தலையில் வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். என்ன செய்வது, நானும் தட்டினேன்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஹெல்மெட் எனக்குப் பெரிது, குனிந்தால் கண்ணை மறைக்கிறது. உள்பட்டையை இறுக்கினால் சரியாகிவிடும். ஆனால் அது அண்ணன் தலைக்கு வைத்த அளவு, இறுக்க மனம் வரவில்லை. உன் பழைய நூல் புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு, உள்ளே மடித்து வைத்துக்கொள்கிறேன்.

துவைக்காமல் அனுப்பு.

பாப்பாவின் அப்பா