அம்மாவின் கண்ணும் நீ அனுப்பிய பிரெஞ்சுப் படமும்

அன்பு மகளுக்கு, அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்தி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். அம்மாவும் நலம் என்றே உன்னிடம் சொல்ல வேண்டும் என்பது அவள் உத்தரவு, அதைத்தான் இப்போது மீறப்போகிறேன். அவளுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடதும் மங்கல். இனியும் தள்ளிப்போட்டால் ஆபரேஷன் செய்தும் பார்வை முழுசாகத் திரும்பாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இவளோ உனக்கு வேலை நிரந்தரமாகும் வரை கண்ணைத் தொட விடமாட்டேன் என்கிறாள். தெரிந்தால் நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாயாம். போனில் சொல்லலாம் என்றால், நான் போனை எடுத்ததுமே ஸ்பீக்கரைப் போடுங்க என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

இதற்கிடையில் என் மூளை வேலை செய்த அழகைக் கேள். அழுது தீர்த்துட்டேன்பா, நீங்களும் பாருங்க என்று ஒரு பழைய பிரெஞ்சுக் காதல் படம் அனுப்பினாயே, அதை முதலில் நான் தனியாகப் பார்த்தேன். கையுறை தைக்கிற பெண், பாலம் கட்டுகிற எஞ்சினியர். அவனுக்குக் கடல் தாண்டி வேலை வருகிறது, அவளுக்கு நெஞ்சில் நோய் வருகிறது. நோயைச் சொன்னால் அவன் போகமாட்டான் என்று, உன்னைப் பிடிக்கவில்லை என்று பொய் சொல்லி அவனை அனுப்பிவிட்டு, மழையில் நின்று நனைந்து, கடைசியில் செத்தும் போகிறாள். உன் அம்மாவுக்கு இதைவிடப் பாடம் ஏது, பார்த்த மாத்திரத்தில் மனசு மாறிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். லிஃப்ட் ரிப்பேர்காரன் புத்தி அவ்வளவுதான், பட்டனை அமுக்கினால் பெட்டி இறங்கிவிடும் என்ற நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சபை கூடியது. உன் மாமா, கீழ்வீட்டுத் தையல்காரம்மா, நாங்கள் இரண்டு பேர். படத்துக்கு அடியில் ஓடுகிற இங்கிலீஷ் எழுத்து அம்மாவுக்குத் தெரியவில்லை, நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. என் இங்கிலீஷ்தான் உனக்குத் தெரியுமே. புரிந்ததைச் சொன்னேன், புரியாததை இட்டுக்கட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண் வாயைத் திறக்கும்போதெல்லாம், ஐயோ நான் எவ்வளவு பெரிய முட்டாள், மறைக்காமல் சொல்லியிருக்கலாமே என்று என் பங்குக்கு உப்புப்புளி சேர்த்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த உன் மாமா, பிஸ்கட்டை மென்றுகொண்டே, அத்தான், அவ கதவைச் சாத்துன்னு மட்டும்தான் சொல்றா, நீங்க என்ன ஒரு பாட்டம் அழுறீங்க என்று போட்டு உடைத்தான். தையல்காரம்மா சிரித்த சிரிப்பில் டீ மடியில் கொட்டியது. உன் அம்மா சிரிக்கவில்லை. தம்பி, நீ படிடா என்று சொல்லிவிட்டு நாற்காலியை என்னிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

படம் முடிந்தது, ஆளுக்கொரு தீர்ப்பு. மாமாவுக்கு அந்த எஞ்சினியர்மேல் கோபம். ஒருத்தி பிடிக்கலேன்னா உடனே பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவானா, அவ மூஞ்சியைப் பாத்தா தெரியாதா, சுத்த மக்கு என்றான். தையல்காரம்மா மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதுவிட்டு, எல்லாம் சரி, கட்டைவிரலை அப்படி ஒட்டுப்போட்டா கையுறை ஒரு வாரம்கூடத் தாங்காது என்றாள். உன் அம்மா மட்டும் நிதானமாக, அவ செஞ்சதுதான் சரி, சொல்லியிருந்தா அவன் அந்தப் பாலத்தைக் கட்டியிருப்பானா என்றாள். எனக்குத் தலை சுற்றிவிட்டது. அடி, அவ செத்தே போயிட்டாளே என்று கத்தினேன். செத்தா என்ன, அவன் நல்லாயிருக்கான்ல என்கிறாள். நான் காசில்லாமல் வாங்கிய வினையைப் பார்த்தாயா, அவளுக்கு இப்போது துணைக்கு ஒரு வெள்ளைக்காரியும் சேர்ந்துவிட்டாள். அப்போது தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, அவன் கட்டினான் சரிக்கா, அந்தப் பாலத்தை இவ பாத்தாளா என்று கேட்டாள். உன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. தட்டை வைத்துவிட்டு, சாப்பாடு ஆறுது என்று தண்ணீர் டம்ளரைப் பார்த்துச் சொல்கிறாள். டம்ளர் எனக்குச் சொல்ல வேண்டுமாம்.

சிரிப்பாக எழுதிவிட்டேன், உள்ளுக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன் புது அறையின் போட்டோவை அனுப்பினாயே, அதை மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்து, ஜன்னல் எவ்வளவு பெரிசு, பிள்ளைக்கு நல்லாக் காத்து வரும் என்று பூரித்துப்போனாள். அவள் காட்டிய இடத்தில் இருந்தது அலமாரி. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். இந்தத் தியாகமெல்லாம் அவளுக்கு வரும், எனக்கு வராது மகளே. ஒரு ஆளாக இதைச் சுமக்க என்னால் ஆகாது.

லீவு போட்டு ஓடிவராதே, வந்தால் அவள் பயந்ததே நடந்துவிட்டது என்று ஆகிவிடும், பிறகு என் கதி அதோகதி. அடுத்த மாதம் முதல் வாரம் நாள் தருகிறேன் என்கிறார் டாக்டர். கூட இருக்க நான் இருக்கிறேன், கண்ணுக்குச் சொட்டுமருந்தும் நானே போடுவேன். சம்மதத்தை மட்டும் நீ வாங்கிக்கொடு. வேலை நிரந்தரமாகி, நீ நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் பண்ணு, மறந்துவிடாதே. அம்மா ஸ்பீக்கரில்தான் கேட்டுக்கொண்டிருப்பாள், எடுத்ததும் கண்ணைப் பற்றிப் பேசாதே. இவ்வளவு நாள் ஏன் மறைச்சீங்க என்று முதலில் என்னை நன்றாகத் திட்டு. அப்பாவை ஒண்ணும் சொல்லாதேம்மா, நான்தான் சொல்ல வேண்டாம்னேன் என்று அவளே குறுக்கே வருவாள். வந்ததும் பிடித்துக்கொள்.

திட்டு வாங்கத் தயாராக இருக்கும்,
உன் அப்பா