இருபது பெட்டி நண்டு

வாகரை
12.03.2024

அன்பு மகள் பிரஷாந்திக்கு,

நலம். நீயும் நலமாக இரு. ஆனால் இதை வாசித்து முடிக்கும்வரை கொஞ்சம் பயந்துகொண்டு இரு. போனில் கத்தினால் கட் பண்ணிவிடுவாய். கடிதத்தைக் கட் பண்ண ஏலாது.

நேற்று கொழும்புக்கு ஏத்தின இருபது பெட்டியில் ஒன்பது பெட்டி நண்டு செத்துப்போச்சு. "அருமைநாயகம், நான் கேட்டது உயிர் நண்டு, கருவாடில்ல" என்கிறார் வாங்கும் முதலாளி. இன்னொருதரம் இப்படியென்றால் வேறு ஆளிடம் எடுப்பாராம்.

எல்லாம் கண்டியிலிருந்து நீ அனுப்பிய திட்டத்தால்! பத்தாம் வகுப்பில் இரண்டு வருசம் குந்தின நான், உன் படிப்பை நம்பி அப்படியே செய்தேன். வாங்க ஒரு பகுதி, கால் கட்ட ஒரு பகுதி, அடுக்க ஒரு பகுதி. கட்டின எண்ணிக்கைக்குச் சம்பளம். முந்தி நம்மிடம் கால் கட்டுகிற கம்சாயினி, கட்டுமுன் நண்டின் கண்ணைத் தொட்டுப் பார்ப்பாள். கண்ணை உள்ளே இழுக்காவிட்டால், "மாமா, இது கொழும்பு காணாது" என்று எறிவாள். இப்போது சாகக் கிடக்கிறதுக்கும் கட்டுப் போடுகிறாள். கேட்டால், "எறிஞ்சா எனக்குத்தான் குறையும். பாக்கிறது என்ர பகுதியுமில்ல" என்கிறாள். கத்தினேன். கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வெந்த மனதோடு,
அப்பா

கண்டி
17.03.2024

அப்பா,

எனக்கும் கோபம்தான். தை மாதம் ஒரே கேள்விதானே கேட்டேன்: "நம்மட வியாபாரம் எதால நிக்குது?" உங்கள் கையால் எழுதிய பதிலின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன்: "ஒரு நாளைக்கு எத்தினை நண்டு ஏத்திறமோ, அதால."

அதற்கேற்றபடி ஆட்களைப் பிரித்தேன். நீங்கள் கேட்டது கிடைத்தது. உயிரோடு போய்ச் சேர்வதால் நிற்கிறது என்று எழுதியிருந்தால், நண்டைப் பார்த்தெடுக்கும் இடத்தில் கம்சாயினியையல்லவா முதல் ஆளாகப் போட்டிருப்பேன்? யாருக்குப் போடவேண்டிய சத்தத்தை அவளுக்குப் போட்டீர்கள்?

பிரஷாந்தி

வாகரை
25.03.2024

மகள்,

மூன்று தரம் வாசித்தேன். இரண்டு தரம் உன்னைத் திட்டிக்கொண்டு. மூன்றாம் தரம் அந்தக் கோழிக்கிறுக்கல் என்னுடையதுதான் என்று தெரிந்தது. படித்த மகள் கேட்கிறாளே, பெரிய முதலாளி மாதிரி எழுதுவோம் என்று எழுதினது.

கம்சாயினி வீட்டுக்குப் போனேன். படலையைத் திறக்காமலே பேசினாள்.

"வாறன் மாமா. நீங்க வாங்கினதையும் எறிவன். சம்மதமா?"

"ஓம்."

இனி எண்ணிக்கை இல்லை. கொழும்புக்கு உயிரோடு போய்ச் சேர்ந்த பெட்டிக் கணக்கில் எல்லாருக்கும் ஒரே சம்பளம்.

முதல்நாளே பதினொரு நண்டு எறிந்தாள். ஒன்பது நான் தெரிந்தெடுத்தது. வந்த கோபத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன், இன்னும் நோகுது. "மாமா, நீங்க பெட்டியைத் தூக்குங்க" என்றாள், எல்லாருக்கும் முன்னால்.

கொழும்பிலிருந்து இன்று போன் வந்தது. இருபதும் உயிரோடு.

இப்படிக்கு,
அப்பா
பெட்டி தூக்கும் பகுதி