நடைவழி காலியாகிவிட்டது

பிப்ரவரி 4

அன்புள்ள சின்னு,

உன் இடுப்பு எலும்பு கூடிவருகிறது என்று உன் தங்கை போனில் சொன்னாள். நீதான் போனை எடுப்பதில்லை. நேரில் பேசினால் சண்டை, போனில் பேசினால் அழுகை; அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. இதைப் படித்ததும் சிரிப்பாய் என்று தெரியும். கால் வைக்கவே இடமில்லாத வீடு எப்படி வெறிச்சோடும் என்பாய். வைண்டிங் கடையை மூடியபோது அந்தச் சாமான்களை நான் வேறெங்கே கொண்டு போடுவது? எரிந்துபோன ஃபேனுக்கும் மிக்ஸிக்கும் செம்புக் கம்பி சுற்றியே வயதானவன் நான். எந்த மோட்டாரைப் பார்த்தாலும் இதற்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. என்றைக்காவது உதவும்.

நீயும் கொஞ்சம் கீழே பார்த்துக் கால் வைத்திருக்கலாம். கோபித்துக்கொள்ளாதே, ஆதங்கத்தில் எழுதுகிறேன். எப்போது வருகிறாய்?

உன்,
வைண்டிங்காரன்

பிப்ரவரி 19

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறேன். கீழே பார்த்துக் கால் வைத்திருக்கலாம்தான். வைக்க இடம் வேண்டுமே!

நம் கட்டிலில் பாதி பழைய செய்தித்தாள், மீதியில் நான். யாராவது வீட்டுக்கு வருகிறேன் என்றால், ஏதாவது சாக்குச் சொல்லி வரவிடாமல் செய்துவிடுவேன். அப்படியே ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

இங்கே தங்கை வீட்டில் எனக்குச் சின்ன அறைதான். ஒரு கட்டில், ஒரு அலமாரி. காலையில் கண் விழித்தால் சுவர் தெரிகிறது. வெறும் சுவர்! அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிவிட்ட மாதிரி இருக்கிறது. மாத்திரை இல்லாமல் தூக்கம் வருகிறது. "என்னக்கா, உன் மூஞ்சில சிடுசிடுப்பையே காணோமே, எங்க வெச்சுட்டு வந்தே?" என்று தங்கை கேலி செய்கிறாள்.

நான் தடுக்கி விழுந்த அன்று ஆம்புலன்ஸ்காரர்களால் ஸ்ட்ரெச்சரை நம் நடைவழிக்குள் நுழைக்க முடியவில்லை. போர்வையில் போட்டு, மூட்டையைப் போல என்னைத் தூக்கிப் போனார்கள். தெருவே நின்று பார்த்தது. அப்போது நீங்கள் பின்னாலிருந்து, "பாத்து, பாத்து! அந்த மோட்டார் மேல கால வெச்சிடாதீங்க!" என்று கத்தினீர்கள். அவ்வளவு வலியிலும் அது என் காதில் விழுந்தது.

நடைவழியைக் காலி செய்யுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள்,
சின்னு

ஏப்ரல் 7

அன்புள்ள சின்னு,

முடித்துவிட்டேன்! அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனையை என் கை தானாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். "ஐயா, இது வியாபாரமா, இல்ல கயிறு இழுக்கற போட்டியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே விட்டேன். ஆனால் அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு பழகியது. ஓடக்கூடிய ஃபேன்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நானே மாட்டிக் கொடுத்தேன். அவை சுற்றியபோது பிள்ளைகளின் நோட்டுத் தாள்கள் படபடத்தன. நம் வீட்டு இருட்டில் அவற்றைப் போட்டு வைத்திருந்தேனே என்று இருந்தது.

ஜன்னல் கொக்கி துருப்பிடித்திருந்தது. சுத்தியலால் தட்டித்தான் திறந்தேன். வெயில் உள்ளே வந்து விழுந்தது. நம் வீட்டுத் தரை சிவப்பு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது! வருஷக்கணக்காக இருந்த என் இருமலும் நின்றுவிட்டது. "மருந்த மாத்தினீங்களா?" என்றார் டாக்டர். "இல்ல, வீட்ட மாத்தினேன்" என்றேன். மூக்குக்கண்ணாடி வைத்த இடத்தில் இருக்கிறது. யார் மேலும் எரிந்து விழத் தோன்றவில்லை. நீ சொன்னதெல்லாம் சரிதான்.

நடைவழியில் இப்போது ஸ்ட்ரெச்சர் என்ன, லாரியே போகும். வந்து பார்.

உன்,
வைண்டிங்காரன்

ஏப்ரல் 29

அன்புள்ள உங்களுக்கு,

அன்று உங்களைப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

வீட்டைப் பார்த்து மலைத்துப்போனேன். பொய் சொல்லவில்லை. கைத்தடி எதிலும் இடிக்காமல் வாசலிலிருந்து சமையலறைவரை நடந்தேன். உங்கள் முகமும் தெளிந்திருக்கிறது. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கூடத்தில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு வைத்திருந்தீர்கள். டீ கொடுத்தீர்கள், நன்றாக இருந்தது. இதோ சொல்வார், இதோ சொல்வார் என்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் போர்வையில் கிடந்தவளைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் தரையைக் காட்டினீர்கள். ஜன்னலைக் காட்டினீர்கள். கொக்கிக்குப் போட்ட எண்ணெயைக் காட்டினீர்கள். அப்புறம் காட்ட எதுவும் இல்லை. இரண்டு பேரும் அவரவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "நான் கிளம்பறேங்க" என்றேன். "சரி, வெயில் ஏறறதுக்குள்ள போயிடு" என்றீர்கள்.

இத்தனை வருஷமும் அந்தச் சாமான்களை வைத்துத்தான் நாம் பேசினோம், அழுதோம், சண்டை போட்டோம். அவை ஒழிந்தால் நீங்கள் எனக்குக் கிடைப்பீர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒழிந்த பிறகு பார்த்தால், நமக்குள் பேச்சே இல்லை. அது எப்போது தீர்ந்தது என்றும் தெரியவில்லை. அத்தனை சாமானுக்கு நடுவில் நாம் கவனிக்கவில்லை.

எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் கெட்டவரும் இல்லை. ஆனால் நான் இனி தங்கையோடேயே இருந்துவிடுகிறேன். அவளிடம் சொல்லிவிட்டேன். இதை எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

நான் வரவில்லை என்பதற்காக வீட்டைப் பழையபடி ஆக்கிவிடாதீர்கள். அதை எனக்காகச் சுத்தம் செய்ததாக நினைக்க வேண்டாம். அங்கே மூச்சு விடப்போவது நீங்கள்தான். தினமும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எனக்கென்று போட்ட நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். சும்மா கிடந்தால், மறுபடி அதன் மேல் ஏதாவது சேரும்.

சின்னு