வேரின் மேல் கிடந்த பந்து

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மரெனைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். போகும்போது பின்னிருக்கையில் அவளும் கோல்ஃப் பையும் இருந்தார்கள். வரும்போது யாருமில்லை. என் மனைவி லோர்னா வழி முழுக்கச் சோளக்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. பல் மருத்துவரின் வரவேற்பறையில் இத்தனை வருடம் வேலை பார்த்தவள், முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியும்.

விளையாட்டரங்க வாசலில் பெண்கள் கோல்ஃப் அணியின் படம் மாட்டியிருந்தது. ஓரத்தில் பயிற்சியாளர். டாரல் ஹோக். முடி போய்விட்டது, சிரிப்பு அப்படியே இருக்கிறது.

"இவர்தான் கோச், அப்பா" என்றாள் மரென்.

"தெரியும்" என்றேன். அவளுக்கு இதில் பாதிதான் தெரியும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மரென் பேசினாள். வருகிற வெள்ளியும் சனியும் தேர்வாட்டம். ஐந்து பெண்கள், ஒரே ஒரு இடம். மற்ற இடங்களெல்லாம் உதவித்தொகை கொடுத்து அழைத்துவரப்பட்டவர்களுக்கு எப்போதோ போய்விட்டன. அழைப்பில்லாமல் தானாக நடந்து வந்து நிற்பவர்களை வாக்-ஆன் என்பார்கள். பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்குப் போய்ப் பந்தி ஓரத்தில் நிற்கிற மாதிரிதான். எனக்கு அந்த ஓரம் பழக்கம்.

முப்பது வருடத்துக்கு முன் இதே கல்லூரியில் ஆண்கள் அணிக்கு நானும் அப்படித்தான் நின்றேன். நெடும்புல்லில் கிடந்த பந்துக்குப் பின்னால் மட்டையை வைத்தேன், பந்து ஒரு மயிரிழை அசைந்தது. யாரும் பார்க்கவில்லை. இந்த ஆட்டத்தில் நடுவர் கூடவே வருவதில்லை, அவரவர் தப்பை அவரவரே சொல்ல வேண்டும் என்பது வழக்கம். கையைத் தூக்கிச் சொன்னேன். ஓர் அடி தண்டனை, அதாவது கணக்கில் ஓர் அடி கூடும்; குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. அந்த ஓர் அடியில் இடம் போனது.

போன இடம் ஹோக்குக்கு. அவனும் என் கூட்டத்தில்தான் ஆடினான். மரங்களுக்குள் அவன் காலணி பந்தை மெதுவாக வெளியே தள்ளியதைப் பார்த்தேன். அவனே சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை.

அவன் இன்றைக்குப் பயிற்சியாளன். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். துறைத் தலைமையைக்கூட எனக்குப் பின்னால் வந்தவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். சொல்பவனுக்குக் கிடைப்பது இதுதான்.

ஆகஸ்ட் 30, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இரண்டாம் நாள், கடைசிக் குழிக்கு முந்திய குழி. மரெனும் டெசா என்ற பெண்ணும் சமமாக வந்துகொண்டிருந்தார்கள். மரெனின் பந்து பெரிய மேப்பிள் மரத்தடிக்குப் போய், மண்ணுக்கு மேலே ஓடும் வேர் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஓர் அடி தண்டனையை ஏற்றுக்கொண்டு பந்தை எடுத்துத் தள்ளிப் போட்டு ஆடலாம். இல்லை, கிடக்கிற இடத்திலேயே அடிக்கலாம். நேற்றுப் பிறந்த ஆட்டக்காரனுக்கும் எது புத்தி என்று தெரியும்.

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். எடுத்துப் போடட்டுமா என்பது போல என்னைப் பார்த்தாள்.

நான் தூரத்தில், பெற்றோர் நிற்க வேண்டிய பாதையில்தான் நின்றேன். பார்க்க வந்தவர்கள் யோசனை சொல்லக் கூடாது, வாயாலும் சொல்லக் கூடாது, கையாலும் காட்டக் கூடாது; கேட்டு ஆடினால் ஆடுபவளுக்குத்தான் தண்டனை அடி. நான் வாயைத் திறக்கவில்லை. தலை கொஞ்சம் அசைந்திருக்கலாம். இடமும் வலமும்.

அவள் மட்டையை எடுத்தாள், அடித்தாள். இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று பந்தின் சத்தம். இன்னொன்று ஈரக்கட்டையைக் கோடாலி தொட்டாற்போல இருந்தது. பந்து எங்கேயோ பட்டுத் தாவி, குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. கை தட்டினார்கள். மரென் இடது கையை ஒருமுறை உதறினாள், தண்ணீரை உதறுவது போல.

ஓர் அடியில் ஜெயித்தாள்.

சாப்பிடுவதற்காகக் காரில் போகும்போது, "நான் உங்கள பாத்திருக்கவே கூடாது" என்றாள்.

"ஏன்?"

"நீங்க தலைய ஆட்டுனீங்க."

"ஈ ஓட்டினேன்மா."

ஆகஸ்டில் மரத்தடியில் ஈ இருக்காதா என்ன?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அணிப் பட்டியலில் மரென் பெயருக்கு ஹோக் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். சட்டை, தொப்பி, அலமாரி எல்லாம் கொடுத்தார்கள். எங்கள் குடும்பப் பெயர் அந்த அலமாரியில். நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

செப்டம்பர் 1, திங்கள்

விடுமுறை என்று மரென் வந்திருந்தாள். பின்கட்டில் இறைச்சி வாட்டினேன், சோளம் வேகவைத்தோம். சோளக் கதிரை இரண்டு கையாலும் பிடித்துத் தின்கிற பெண், இன்று ஒரு கையால் தட்டில் வைத்துக் கத்தியால் சீவித் தின்றாள். கெட்ச்அப் மூடியைத் திறக்கச் சொல்லிப் புட்டியை லோர்னாவிடம் நீட்டினாள்.

"கைக்கு என்ன?" என்று லோர்னா கேட்டாள்.

"பயிற்சி ஜாஸ்திம்மா. காய்ப்பு."

காய்ப்பு வருகிற இடம் எனக்குத் தெரியும். அவள் தேய்த்துக்கொண்டிருந்தது அங்கே இல்லை. உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம், மட்டைப் பிடியின் முனை வந்து உட்காருகிற குழிவில்.

செப்டம்பர் 13, சனி

போன் செய்தேன். "நல்லா இருக்கேன்" என்று இரண்டு முறை சொன்னாள். ஒரு முறைதான் கேட்டேன்.

செப்டம்பர் 20, சனி

போட்டி பார்க்கப் போனேன். ஹோக் கையை நீட்டிக்கொண்டு வந்தான்.

"ரஸ்! அடப்பாவி, இப்படி நரைச்சுட்டியே!"

"உனக்கு நரைக்க ஒண்ணுமே இல்லையே."

சிரித்தான். யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். "உன் பொண்ணு ஆட்டம் நல்லா இருக்கு. ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். மட்டைய மேல விட்டுட்டு ரொம்பக் கீழ எறக்கிப் பிடிக்கிறாளே, நீ சொல்லிக் குடுத்ததா?"

மட்டையின் முனை உள்ளங்கையில் படாமலிருக்கத்தான் அப்படிப் பிடிக்கிறாள். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்தது. அவனுக்குப் புரியவில்லையா, இல்லை என் வாயைக் கிண்டுகிறானா?

"ஆமா, நான் சொன்னதுதான்" என்றேன்.

"அப்படியா" என்றான். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

டெசா வேலிக்கு வெளியே நின்று எல்லோருக்கும் கை தட்டிக்கொண்டிருந்தாள். தோற்ற பிறகும் ஒவ்வொரு போட்டிக்கும் வருகிறாளாம். எதற்கு?

செப்டம்பர் 28, ஞாயிறு

"அப்பா, சுண்டுவிரல் மரத்துப் போகுது."

"எப்பவுமா?"

"காலைல. காபி கோப்பையப் பிடிச்சா தெரியவே மாட்டேங்குது. கோச்கிட்ட சொல்லிடவா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? வலிக்குதுப்பா."

பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். "உதவித்தொகைல வந்தவளுக்கு அடிபட்டா வைத்தியம் பாப்பாங்க, ஒரு வருஷம் காத்திருப்பாங்க. வாக்-ஆனுக்கு அடிபட்டா நன்றி, போயிட்டு வான்னு சொல்லுவாங்க. டெசா வாசல்லயே நிக்கறா, பாத்தேன்."

"டெசா நல்ல பொண்ணுப்பா."

"நல்ல பொண்ணுங்கதான் நிப்பாங்க. இன்னும் கொஞ்ச நாள்தான்மா. பனி விழுந்தா ஆட்டமே கிடையாது. குளிர்காலத்துல காட்டிக்கலாம். நான் அன்னிக்கு வாய மூடிட்டு இருந்திருந்தா..."

"தெரியும்பா. ஹோக் எடத்துல நீங்க இருந்திருப்பீங்க."

குரலில் கிண்டலா என்று தெரியவில்லை. சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வைத்த பிறகு என் இடது உள்ளங்கையை, அந்த இடத்தில், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஏதோ சின்னதாக, கொக்கி மாதிரி ஓர் எலும்பு தட்டுப்படுகிறது. இத்தனை வயதில் அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது.

அக்டோபர் 5, ஞாயிறு

லோர்னா கேட்டாள்: "நீயும் மரெனும் எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்களா?" இல்லை என்றேன்.

அக்டோபர் 8, புதன்

வகுப்பில் பாதிப் பாடத்தில் நின்றுவிட்டேன். பின்வரிசையில் எவனோ மேசையைத் தட்டினான். கட்டையில் கோடாலி பட்ட சத்தம். பையன்கள் சிரித்தார்கள்.

அக்டோபர் 11, சனி

பருவத்தின் கடைசிப் போட்டி. வடக்கிலிருந்து காற்று, வாத்துக் கூட்டங்கள் தாழப் பறந்து போயின. மரென் கையுறைக்கு மேல் பட்டி சுற்றியிருந்தாள். அணி முன்னிலையில் இருந்தது, அவள் ஆட்டமும் நன்றாகவே இருந்தது. இன்றோடு முடிகிறது, தப்பித்தோம் என்று நினைத்தேன். நினைத்தது நினைவிருக்கிறது.

முடிய இன்னும் சில குழிகள். பந்து வெட்டிய புல்லில், சமதரையில், அழகாகக் கிடந்தது. அதைவிட லேசான அடி கிடையாது. அடித்தாள். மட்டை கைக்குள் திரும்பியது. பந்து குளத்துப் பக்கம் போனது.

அவள் பந்தைப் பார்க்கவில்லை. அடித்த பந்து எங்கே போகிறது என்று பார்க்காத ஆட்டக்காரரை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மீதியை ஆடி முடித்தாள். எப்படி ஆடினாளோ. ஹோக் ஓடிப் போய் ஏதோ கேட்டான், தலையை ஆட்டி அனுப்பிவிட்டாள். தலையை ஆட்டுவது எங்கள் குடும்பத்துக்கு நன்றாக வருகிறது.

வண்டி நிறுத்துமிடத்தில் கையுறையைக் கழற்றி என் முன்னால் நீட்டினாள்.

"அப்பா, இது மடங்க மாட்டேங்குது."

"வலிக்குதா?"

"இல்ல. இப்ப வலியே இல்ல. அதான் பயமா இருக்கு."

அக்டோபர் 14, செவ்வாய்

அறுவை மருத்துவர் இளம்பெண். மரெனைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். அந்தக் கொக்கி எலும்பு உடைந்திருக்கிறது. உடைந்த விளிம்பு சுண்டுவிரல் நரம்பை — நரம்பு இல்லை, தசைநாண் — ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. சனிக்கிழமை கடைசி இழையும் போய்விட்டது.

"எப்ப அடிபட்டுச்சு?"

"ஆகஸ்ட் கடைசில. வேர் மேல அடிச்சேன்" என்றாள் மரென். என் பக்கம் திரும்பவில்லை.

"அப்பவே வந்திருந்தா அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போட்டிருப்பேன். இன்னிக்கு நீங்க ஆடிட்டு இருந்திருப்பீங்க. யாருமே போய்க் காட்டுன்னு சொல்லலையா?"

"இல்ல" என்றாள் மரென்.

வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்டப் போகிறார்கள். மடங்குமா என்று அடுத்த கோடையில்தான் தெரியுமாம்.

அக்டோபர் 15, புதன்

லோர்னா, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். வரவேற்பறையில் வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் அந்த முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

அக்டோபர் 20, திங்கள்

ஹோக் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்துக்கே.

"கை எப்படி இருக்கு அவளுக்கு?"

"கட்டுப் போட்டிருக்கு. உனக்கு என்ன வேணும்?"

"உன் பொண்ணு நேத்து எங்கிட்ட வந்தா, ரஸ். கட்டோட. அந்த எடம் டெசாவோடதுன்னு சொன்னா. மரத்தடில உன்னப் பாத்தாளாம், பந்த எடுக்க வேண்டாம்னு நீ தலைய ஆட்டினியாம், அதுக்கப்புறம்தான் அடிச்சாளாம். நீ ஈ ஓட்டினேன்னு சொன்னியாமே?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"முடிஞ்ச ஆட்டத்த யாரும் மாத்த மாட்டாங்கன்னு சொல்லிப் பாத்தேன். கேக்கல. சட்டை, தொப்பி, சாவி எல்லாத்தையும் மேசைல வெச்சுட்டுப் போயிட்டா."

"உனக்கு வசதியாப் போச்சு" என்றேன்.

"என்ன வசதி? கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒக்கார வெச்சு வைத்தியம் பாத்திருப்பேன். எடமும் அவளுக்குத்தான். வாக்-ஆனும் என் அணிதான்யா. வெளிய தொரத்திருவோம்னு எவன் சொன்னான் அவகிட்ட?"

எவன் சொன்னான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டான். பிறகு குரலை இறக்கினான்.

"அவ கதவத் தட்டிட்டு நின்னப்ப எனக்கு உன் மொகம்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு நீ கையத் தூக்கினியே, பந்து அசைஞ்சிருச்சுன்னு. அதே மொகம்."

தன் காலணியைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முப்பது வருடமாகக் கையில் வைத்திருந்த கேள்வி. போனை வைத்த பிறகுதான் கேட்காமல் விட்டது உறைத்தது.

மரத்தடியில் ஈ இல்லை. எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் பனி. இதற்காகத்தான் காத்திருக்கச் சொன்னேன்.

நவம்பர் 27, வியாழன்

நன்றித் திருநாள். மரென் நேற்று வந்தாள். கட்டைக் கழற்றிவிட்டார்கள். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு. டெசா நன்றாக ஆடுகிறாளாம், வசந்தத்தில் அவள் போட்டிகளை மரென் போய்ப் பார்க்கப் போகிறாளாம். வேலிக்கு வெளியே நின்று கை தட்ட. அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் அடுப்பங்கரையில் கேட்டேன். என்னிடம் வான்கோழி வெந்ததா என்று கேட்டாள், உப்பை எடுத்துத் தரச் சொன்னாள். மரியாதையாகத்தான் பேசுகிறாள்.

சாப்பிடுமுன் எப்போதும் போலக் கை கோத்துக்கொண்டோம். மேசைக்கு நாங்கள் மூன்றே பேர், யாருக்கும் தள்ளி உட்கார இடமில்லை. அவளுடைய வலது கை லோர்னாவுக்கு, இடது கை எனக்கு.

கண்ணை மூடிக்கொண்டேன். லோர்னா ஜெபம் சொன்னாள். மரெனின் விரல்கள் என் கையைச் சுற்றி மடங்கின. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல். ஐந்தாவது என் கைமேல் நேராக, குளிர்ந்து கிடந்தது, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன பென்சில் மாதிரி.

ஆமென் சொல்லியாயிற்று. நான் விடவில்லை.

"அப்பா, சாப்பாடு ஆறுது" என்றாள் மரென், கையை எடுத்துக்கொண்டாள்.