வாத்துகள் கிளம்பிய கல்யாணம்

அன்பு மகன் கிளமெண்ட்டுக்கு அப்பா எழுதுவது. அடைக்கல மாதா தயவில், என் முட்டிவலியைத் தவிர, இங்கே எல்லோரும் சுகம். அந்தக் கஜகஸ்தான் குளிரில் உன் உடம்பு எப்படி என்று எழுது. உன் தங்கை அனிதாவின் கல்யாணம் ஒரு வெடிகூட வெடிக்காமல் நல்லபடியாக முடிந்தது. போனில் சொல்லலாம் என்றால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுகிறாள், அதனால்தான் எழுதுகிறேன்.

தவக்காலத்துக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்று மாசியிலேயே தேதி வைத்தது உனக்குத் தெரியும். அந்த நேரம் கரைவெட்டி ஏரியில் தலையில் கறுப்புப் பட்டை போட்ட பெரிய வாத்துகள் இருக்கும், அவை வடக்கே கிளம்பும்வரை நம் ஊரில் யாரும் வேட்டுப் போடுவதில்லை என்பதும் தெரியும். வரதராசன்பேட்டைச் சம்பந்தி மரிய ஆல்பர்ட்டுக்குத்தான் தெரியாது. முதல்நாள் சாயங்காலம் வேனில் ஒரு சாக்கு நிறைய வேட்டோடு வந்து இறங்கினார். நான் வாத்துப் பேச்சையே எடுக்கவில்லை, எடுத்தால் சிரிப்பார். எந்தச் சரக்கை முன்னால் வைப்பது என்று வியாபாரிக்குத் தெரியவேண்டும். பக்கத்தில் என் வைக்கோல் கட்டுகள் லாரி லாரியாக அடுக்கிக் கிடக்கின்றன, ஒரு பொறி விழுந்தால் நான் சைக்கிளில் கட்டி விற்ற காலத்திலிருந்து சேர்த்ததெல்லாம் சாம்பல் என்றேன். அவர் எனக்கு மேல். "அதுக்கென்னங்க சம்பந்தி, கோயிலுகிட்ட போட்டுக்கறோம், அங்க வைக்கோலு இல்லீல்ல" என்றார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த அனிதா வெளியே வந்துவிட்டாள். கார்த்திகையிலிருந்து சனிக்கிழமை தவறாமல் தன் வகுப்புப் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிற டீச்சர் அல்லவா. "வேட்டுப் போட்டா ஏரியில இருக்குற வாத்தெல்லாம் மெரண்டுடும். சத்தம் கேட்டுச்சுன்னா நான் கோயில விட்டே வரமாட்டேன், மாப்ள மட்டும் ஊர்வலம் போவட்டும்" என்றாள். சம்பந்தி முகம் கறுத்துப்போய், "வேட்டு இல்லாட்டி எங்கூருல ஊமக் கல்யாணம்னுவாங்க, அப்பறம் நாங்க இருந்து என்ன" என்று வேனைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான்தான் கல்யாணத்தை நிறுத்தியது போல. நாளை ராத்திரி விருந்து முடியட்டும், அப்புறம் உங்கள் இஷ்டம் என்று அவரிடம் தவணை வாங்கினேன். வாத்துகள் நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து சுற்றுகின்றன, தெற்குக் காற்று பிடித்தால் புறப்பட்டுவிடும் என்று ஏரிக் காவலர் அறிவரசன் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் வாயை விட்டேன். ராத்திரி தூக்கம் இல்லை.

மறுநாள் பொழுது சாயும் நேரம், முதல் பந்தியில் பிரியாணி விழுகிறது, ஏரிப் பக்கம் ஒரு சத்தம் கிளம்பியது. சந்தை மொத்தமும் ஒரே நேரத்தில் பேரம் பேசுவது போல. முதலில் பிள்ளைகள் ஓடினார்கள், பிறகு பந்தியே ஓடியது, நானும் முட்டியை மறந்து ஓடினேன். கூட்டம் கூட்டமாக எழுந்து, ஏரிக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, வரிசை பிடித்து, பந்தலுக்கு மேலாகவே வடக்கே போயின. றெக்கை அடிக்கிற காற்றுகூடக் கேட்டது. அனிதா பட்டுப்புடவையோடு சேற்றில் நிற்கிறாள், மாப்பிள்ளை அவள் முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நல்ல பையன். சம்பந்தி பிரியாணிக் கையோடு அண்ணாந்து நின்றார். இமயமலையைத் தாண்டிப் போகும் என்று அறிவரசன் சொன்னதும், "அடேங்கப்பா, எங்க வேனு இந்த ஏரிக்கரை மேடு ஏறவே மூணு பேரு தள்ளுனோம்" என்றார். கடைசி வரிசை மறைந்ததும் மெதுவாக என் காதில், "போயிடுச்சுல்ல, இப்ப போடலாங்களா" என்றார் பார், அங்கேயே சிரித்துவிட்டேன். கால்வாசி இன்னும் ஏரியில்தான் இருக்கிறது என்று அறிவரசன் கை காட்டினார். சம்பந்தியும் சிரித்துவிட்டார். சாக்குப் பிரியவில்லை.

மாப்பிள்ளை விரலில் மச்சான் மோதிரம் போட நீ இல்லையே என்று அம்மாவுக்குத்தான் ஆற்றாமை. கம்பெனி லீவு கொடுக்காததற்கு நீ என்ன செய்வாய். அந்த வாத்துகளுக்கு லீவும் வேண்டாம், விசாவும் வேண்டாம். உன் பக்கம் வந்தாலும் வரலாமாம். வந்தால் பார், வராவிட்டால் வேலையைப் பார். மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். வெல்டிங் செய்யும்போது கண்ணாடியைக் கழற்றாதே, காதை மூடித் தொப்பி போடு.

சம்பந்தியோடு முடிந்த பேச்சு இதுதான். வேட்டுச் சாக்கு பிரிக்காமல் வரதராசன்பேட்டையில் அவர் வீட்டுப் பரண்மேல் இருக்கும். மோதிரத்தை நீ வந்துதான் போடவேண்டும், அன்றைக்கு அங்கேயே அத்தனையும் வெடிக்கும். ஐப்பசி மழைக்குள் வந்துவிடு, அதற்குமேல் வேட்டு நமுத்துப்போகும். வேட்டு அவருடையது, கறிச்செலவு பாதிப் பாதி, உன் விமான டிக்கெட் முழுக்க என்னுடையது.

இப்படிக்கு,
உன் அப்பா,
பிலவேந்திரன்