செல்வியின் குரல்

ஜூலை 11, வெள்ளி. இரவு.

எங்கள் கம்பெனியின் இருபது வருடப் பழைய பேய்வீட்டு வீடியோ கேமை மறுபடி விற்கப்போகிறோம். பழைய குரல்கள் அப்படியே இருந்தால் கூடுதல் விலை வைக்கலாம் என்கிறார் மானேஜர். அதில் கதவுக்கு வெளியே நின்று அழைக்கும் பெண்ணின் குரல், என்னுடன் வேலை பார்த்த செல்வியுடையது. அவள் இறந்து ஆறு வருடமாகிறது. அனுமதிக் கையெழுத்து வாங்க இன்று தாராவியில் அவள் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

லேப்டாப்பில், கேமில் அவள் அழைக்கும் இடத்தைப் போட்டுக் காட்டினேன். "கதவத் திறங்க, நனையுறேன்" என்றது குரல். அம்மா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தார். வெளியே மழை மட்டும்தான்.

"இத வாங்குறவுக வீட்டுலயெல்லாம் எம்மவ இப்படி வெளியவே நிக்கணுமா, ஏட்டி?" என்று கேட்டார்.

படிவத்தைப் பையிலிருந்து எடுக்காமலே கிளம்பினேன். மழை உள்ளே அடித்தும் அவர் கதவைச் சாத்தவில்லை.