இரண்டு பேருக்கு ஒரு குப்பி

சிவமயம்

கோத்தா திங்கி, ஜொகூர்
14.8.1932

அன்புள்ள செல்லப்பாக்கியத்துக்கு,

உமக்கும் பிள்ளை தவமணிக்கும் ஆண்டவன் துணை. நீர் அனுப்பிய காசும் கடிதமும் வெள்ளிக்கிழமை கிடைத்தன. அம்மாவின் மூட்டுவலி குறைந்ததை அறிந்து ஆறுதல். தவமணி வகுப்பில் முதலாவதாக வந்த செய்தியை, இங்கே ஊசி போடுகிற டிரெசர் செல்லப்பனிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

தோட்டத்தில் நிலைமை சரியில்லை. றப்பர் விலை விழுந்தபடியே கிடக்கிறது. மேற்கு டிவிசனில் பால் எடுக்க மரம் வெட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். என்னைப்போல ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகளின் சம்பளத்திலும் மறுபடி கைவைத்தார்கள். என் சலரோகத்துக்கான இன்சுலின் குப்பி இப்போது மூன்று நாள் சம்பளம். சிங்கப்பூர் மருந்துக்கடையிலிருந்து பஸ்ஸில் வருகிறது. வெயிலில் கெடாமல், ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் புதைத்து வைக்கிறேன்.

இனி, எழுதவேண்டியதை எழுதுகிறேன். மூன்று மாதமாக இதை எழுதாமல் இருந்தது என் பிழை.

மே மாதத்தில் ஒரு நாள், மரம் வெட்டுகிற காளியம்மா என்ற கைம்பெண் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிள்ளையின் பெயர் புஷ்பவள்ளி. வயது எட்டு. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் உடம்பு ஈர்க்குச்சியாய் வற்றிவிட்டதாம். அன்று கண்ணே திறக்கவில்லை. என் ஊசிக்காக நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். செல்லப்பன் பிள்ளையின் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறமாயிற்று. என்னைப் பார்த்து, “கிராணியாரே, உங்களுக்கு இருக்கிற அதே வியாதிதான். பிள்ளைக்கு வந்தா தாங்காது. நாளைக்கு இருக்குமான்னு தெரியலை” என்றார். நிர்வாகம் கூலியாட்களுக்கு இந்த மருந்தை வாங்குவதில்லை. ஒரு குப்பி காளியம்மாவின் பதினைந்து நாள் கூலி.

குப்பி என் வீட்டில் இருந்தது. போய் எடுத்துவந்தேன். யோசித்திருந்தால் எடுத்திருக்க மாட்டேனோ என்னவோ.

மறுநாள் மத்தியானம் அந்தப் பிள்ளை எழுந்து தேத்தண்ணி கேட்டது. அன்றிலிருந்து என் குப்பி இரண்டு பேருக்கு. நான் பாதி அளவுதான் போடுகிறேன். சோற்றை நிறுத்திவிட்டேன். கீரையும் மீனும்தான் சாப்பாடு. மாதம் ஒருமுறை ஜொகூர் பாருவிலிருந்து வருகிற டாக்டர், என் வயதில் வந்த வியாதியைப் பத்தியத்தால் ஓரளவு சமாளிக்கலாம், குழந்தையால் ஒரு நாள்கூட முடியாது என்றார்.

நீர் அட்டியலை விற்று அனுப்பிய காசு அது. உம்மைக் கேளாமல் பங்கு போட்டேன்.

போன மாதம் துரை, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவர்களின் பட்டியல் கேட்டார். என் கையால்தான் எழுதினேன். மேற்கு டிவிசன் ஆள் என்பதால் காளியம்மாவின் பெயரும் அதில் வந்தது. அவள் ஆபீஸ் படியில் வந்து நின்று, “கப்பலேறச் சொன்னா ஏறிடறேன் ஐயா. மருந்து எத்தன நாளைக்குக் குடுத்து விடுவீங்க?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பயணத்துக்கு எவ்வளவு அரிசி கட்டவேண்டும் என்று கேட்பதுபோலக் கேட்டாள். முசிறிப் பக்கம் அவள் ஊர். அங்கே இந்த மருந்தை அவள் எங்கே தேடுவாள்?

துரையிடம் போய், அவள் என் வீட்டுச் சமையல்காரி என்றேன். பெயரை அடித்துவிட்டார். அந்தப் பொய்யை மெய்யாக்கத் தாயையும் பிள்ளையையும் கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து கூட்டிவந்து என் வீட்டுப் பின்னறையில் இருக்கவைத்தேன். அன்றிலிருந்து பேச்சுத் தொடங்கிவிட்டது. “கிராணியார் வீடு இப்ப நெறஞ்சிருச்சு” என்று கங்காணி ஐயாசாமி என் காதுபடவே சொன்னான். நம்மூர்ப் பெரிய கிராணி அந்தோனிப்பிள்ளை என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அவர் ஊருக்கு எழுதியிருப்பார்.

நான் சத்தியம் செய்யப்போவதில்லை. பதினொரு வருசம் என்னோடு வாழ்ந்தவர் நீர்.

அக்டோபர் தொடக்கத்தில் இந்தியாவுக்கு அடுத்த கப்பல். அவர்களை அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். எதுவானாலும் உடனே எழுதும். என் வலது காலில் சப்பாத்துக் கடித்த புண் ஒன்று, ஒரு மாதமாகியும் ஆறவில்லை. செல்லப்பன் தினமும் கழுவிக் கட்டுகிறார். கம்பு ஊன்றி நடக்கிறேன், அவ்வளவுதான். கவலைப்பட ஒன்றுமில்லை.

தவமணியின் தலையை எனக்காக ஒருமுறை தடவிவிடும்.

இப்படிக்கு,
உமது சரவணமுத்து

---

சிவமயம்

சுன்னாகம்
6.9.1932

என் அன்புள்ள அவருக்கு,

செல்லப்பாக்கியம் வணங்கி எழுதுவது. மாமியும் பிள்ளையும் சுகம்.

உங்கள் கடிதம் வருவதற்கு நாலு நாள் முந்தியே, ஐயாத்துரை அண்ணருக்கு அந்தோனிப்பிள்ளையின் கடிதம் வந்துவிட்டது. அண்ணர் அதை மடித்து மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். அண்ணிதான் வந்து சொன்னா. அந்த நாலு நாளும் நான் எப்படி இருந்தேன் என்று எழுதமாட்டேன். சமைத்தேன், மாமிக்கு எண்ணெய் தேய்த்தேன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினேன்.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. அண்ணர் வாசித்துவிட்டு, “அவருக்கென்ன விசரே? கூலிக்காரியின்ர பிள்ளைக்குத் தன்ர உயிரையோ பங்கு போடுறார்?” என்றார். எனக்கும் அதே கோபம்தான். ஒளிப்பானேன். மே மாதத்தில் என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன். நீங்கள் அதைத் தெரிந்துதான் கேட்கவில்லை. ஊர்ப் பேச்சைவிட அதுதான் என்னைச் சுட்டது.

மறுநாள் கடிதத்தைக் கொண்டுபோய் இங்குள்ள ஆஸ்பத்திரி டாக்குத்தருக்கு வாசித்துக் காட்டினேன். மற்றதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். காலில் புண் என்ற இடம் வந்ததும், திரும்ப வாசிக்கச் சொன்னார். பாதி மருந்தோடு எத்தனை மாதம் என்று கேட்டார். நாலு ஆகப்போகிறது என்றேன். “நீங்கள் அங்கே போறது நல்லது, அம்மா. சுணங்க வேண்டாம்” என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

வடலிக் காணியை அண்ணருக்கே ஈடுவைத்தேன். ஏசி ஏசியே காசை எண்ணித் தந்தார். தந்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். இருபத்திரண்டாம் தேதி கொழும்பில் கப்பல். தவமணியும் நானும் வருகிறோம். மாமியை அண்ணி பார்த்துக்கொள்ளுவா. அந்தப் பிள்ளையின் வயதைத் தவமணி கேட்டாள். எட்டு என்றேன். தன் பழைய பாவாடைகள் இரண்டை எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

காளியம்மாவைக் கப்பலேற்ற வேண்டாம். நான் வந்து அந்த வீட்டில் இருந்தால் ஊர் வாய் தானே மூடும். ஒரே அடுப்படியில் அவளோடு எப்படிப் புழங்குவது என்று எனக்குத் தெரியாது. என் மனம் அவ்வளவு பெரியதல்ல. பழகப் பார்க்கிறேன்.

அந்தப் பிள்ளையின் ஊசியை நிறுத்தச் சொல்லி நான் எழுதமாட்டேன். அந்தப் பாவத்தை என் தலையில் ஏற்றுக்கொள்ள முடியாது. ஆனால் இனிக் குப்பி இரண்டு வாங்குங்கோ. இதோடு வரும் காசு அதற்குத்தான். அங்குள்ள டாக்குத்தர் சொன்ன அளவு முழுவதையும் நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். கடிதம் கண்ட அன்றே துரையிடம் சொல்லி ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. லீவு தராவிட்டாலும் போங்கோ.

சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு நீங்கள் வந்து நிற்க வேண்டாம். காலை ஊன்றவே வேண்டாம். செல்லப்பனை அனுப்பினால் போதும், அடையாளம் கேட்டு வந்துவிடுவோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே எங்களைப் பாருங்கோ. நான் உள்ளே வரும்போது தலையைத் திருப்பி, வந்திட்டீரோ என்று ஒரு வார்த்தை கேளுங்கோ. வேறொன்றும் நான் உங்களிடம் கேட்கவில்லை.

நல்லூர்க் கந்தன் காப்பான்.

உங்கள்
செல்லப்பாக்கியம்